பழைய விமானம் சொல்லும் சாட்சி

மாணவர்களே, பொருட்காட்சிசாலையில் நிற்கும் பழைய விமானத்தை வேடிக்கைப் பொருளாகக் கண்டு நகர்ந்துவிடுவோர் பலர். பல்லாண்டுகள் வரலாறு பயிற்றிய நான் அதனை ஒரு சாட்சியாகவே கருதுகிறேன். சாட்சியைக் கலைத்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த பூசலொன்று சான்றாகும்.

1903 டிசம்பர் 17 அன்று, கிட்டி ஹாக் அருகே மணல்வெளியில் ரைட் சகோதரர்களின் விமானம் நான்கு முறை பறந்தது. முதல் முறை 12 விநாடி, 120 அடி. நான்காம் முறை 59 விநாடி, 852 அடி. அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்புதான், ஸ்மித்ஸோனியன் நிலையத்தின் செயலாளர் லாங்லியின் விமானம் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. லாங்லி பேரறிஞர், அதில் ஐயமில்லை. ஆனால், ரைட் சகோதரர்களோடு காப்புரிமை வழக்காடிய கர்ட்டிஸ், 1914-இல் அவ்விமானத்தின் இறக்கை முதலிய உறுப்புகளை மாற்றியமைத்து, ஏரி நீரினின்று சிறிது தூரம் எழுப்பிக் காட்டினார். நிலையமோ மாற்றங்களைச் சொல்லாமல், அதனைப் பழைய உருவிலேயே நிறுத்தி, மனிதனைச் சுமந்து பறக்கும் ஆற்றல் பெற்ற முதல் விமானம் இதுவே என்று எழுதி வைத்தது!

அண்ணன் வில்பர் 1912-இல் மறைந்துவிட்டார். தனித்து நின்ற ஆர்வில், 1928-இல் தம் விமானத்தை லண்டன் அறிவியல் பொருட்காட்சிசாலைக்கு அனுப்பிவிட்டார். பிடிவாதம் என்பார் உளர். நான் அவ்வாறு சொல்லேன். மரச்சட்டமும் மஸ்லின் துணியுமான அவ்விமானத்தைத் தவிர, அவர் கையில் வேறு என்ன ஆயுதம் இருந்தது?

1942-இல் நிலையம் அம்மாற்றங்களை வெளியிட்டுத் தன் கூற்றைக் கைவிட்டது. 1948 டிசம்பர் 17 அன்று விமானம் வாஷிங்டனில் காட்சிக்கு வந்தது. ஆர்வில் அதனைக் காணவில்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே காலமாகியிருந்தார்.