திருகைத் தொடுமுன்

நீலகிரியின் மேற்குச் சரிவில், கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகப் பந்தலூர் செல்லும் சாலையில் இருக்கிறது தேவாலா. இன்று அதைத் தேயிலை விளையும் ஊர் என்றும், மழை விடாது பெய்யும் ஊர் என்றும் அறிவோம். ஆனால் 1880ஆம் ஆண்டையொட்டி லண்டன் பங்குச் சந்தையில் இந்தச் சிற்றூரின் பெயர் பெரிதாக அடிபட்டது. காரணம், தங்கம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் தந்த அறிக்கையை நம்பிக் கம்பெனிகள் பல தோன்றின. பாறையை இடிக்கும் யந்திரங்கள் மலையேறி வந்தன. இடித்துப் பார்த்தபோது கிடைத்த தங்கம் செலவுக்கே கட்டவில்லை. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான கம்பெனிகள் மூடப்பட்டன. நன்கு சோதித்தறியுமுன் பணத்தை இறக்கியதே அவர்கள் செய்த பிழை.

நேயர்களே, நான் பேச வந்தது தங்கத்தைப் பற்றியன்று. மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைப் பற்றி. ஆயினும் அவர்கள் செய்த பிழையை அதே ஊரில் நானும் செய்தவனாதலால், அக்கதையை முதலில் சொன்னேன்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் நன்றாக எரிய வேண்டுமானால், அது காற்றோடு அளவாகக் கலந்திருக்க வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று. அந்தக் கலவையைச் செய்து தருவதே கார்புரேட்டரின் வேலை. குறுகிய கழுத்தின் வழியே விரைந்தோடும் காற்றின் அழுத்தம் குறையும் என்பதை 1797இல் இத்தாலிய அறிஞர் வெந்தூரி விளக்கினார். அழுத்தம் குறைந்த அவ்விடத்தில் ஒரு சிறு துவாரம் இருந்தால் பெட்ரோல் தானே பீறிட்டுத் தூவும். 1893இல் ஹங்கேரியில் பாங்கியும் சோங்காவும், ஜெர்மனியில் மைபாக்கும் இம்முறையில் கார்புரேட்டர்களை வகுத்தனர். இங்கிலாந்தில் மூன்று நிறுவனங்கள் ஒன்றாகி 1927இல் பிறந்தது அமால். மிதவை அறையும் உடலும் ஒரே வார்ப்பாக அமைந்த அதன் மோனோபிளாக் கார்புரேட்டர் 1950களின் நடுவே வந்தது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் புல்லட் வண்டி உருவாகத் தொடங்கியது. அந்தப் புல்லட்டில் இருந்தது இந்த அமால்தான். பின்னர் ஜப்பானிய மிக்குனி வகை அவ்விடத்தைப் பிடித்தது. 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் புதிய வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. பழைய வண்டிகளோ இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுள் என்னுடைய புல்லட்டும் ஒன்று.

ஓர் ஆடி மாதத்து மாலை. அண்டை வீட்டுக் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். கூடலூரில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். நாடுகாணியைத் தாண்டியதும் வண்டி இருமியது, பிறகு நின்றது. உதைத்தால் உயிர்பெறும், கைப்பிடியை முறுக்கினால் அணைந்துவிடும். யானைகள் கடக்கும் பாதை அது, இருளும் இறங்கிவிட்டது. பதற்றத்தில் நான் திருப்புளியை எடுத்தேன். காற்றுத் திருகை இப்படியும் அப்படியும் திருப்பினேன். நிறுத்தத் திருகையும் விட்டுவைக்கவில்லை. எத்தனை சுற்றுத் திருப்பினேன் என்ற கணக்கு எனக்கே தெரியாது. முடிவில், வந்த ஜீப்பொன்றை நிறுத்தி மருந்தைக் கொடுத்தனுப்பினேன். இரண்டு மணி நேரம் தாமதமாயிற்று. குழந்தை பிழைத்துக்கொண்டது, என் வெட்கந்தான் தீரவில்லை.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு பெரியவரின் பட்டறையில் நிறுத்தினேன். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கை மலைநாட்டிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. தேயிலைத் தொழிற்சாலை யந்திரங்களின் ஓசையிலேயே வளர்ந்தவர். அவர் கருவியைத் தொடவில்லை, கேள்விதான் கேட்டார். "மழை நாளில் மட்டுமா, வெயிலிலுமா? மெதுவாகப் போகும்போது நிற்கிறதா, வேகமெடுக்கும்போதா?"

அக்கேள்விகளுக்குப் பொருள் உண்டு. கைப்பிடியைச் சற்றே திறக்கையில் பெட்ரோல் தருவது பைலட் ஜெட். நடுத்தரத்தில் அளப்பது ஊசி. முழுக்கத் திறந்தால் மெயின் ஜெட். ஆகவே வண்டி எந்த நிலையில் தடுமாறுகிறதோ, அந்த நிலைக்குரிய வழியில்தான் முதலில் தேட வேண்டும். பிறகு அவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, செங்கல் நிறமானால் சரியான கலவை. பொறியும் நன்றாகவே வந்தது. கடைசியாக மிதவை அறையிலிருந்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் வடித்தார். மேலே பெட்ரோல், அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்!

டாங்கியின் மூடியிலிருந்த ரப்பர் வளையம் தேய்ந்து, முற்றத்தில் நின்ற வண்டிக்குள் மழை இறங்கியிருக்கிறது. என் திருகுகளில் ஒரு குற்றமும் இல்லை. அவர் சிரித்தார்: "தம்பி, தப்பு எங்கே என்று தெரியாமல் திருகைத் திருப்பினால், ஒரு தப்பு இரண்டாகும்."

பிறகு அவர் செய்த முறையை அப்படியே சொல்கிறேன். பெட்ரோல் குழாயை மூடினார். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகளைப் பெட்ரோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் ஊதினார். கம்பியால் குத்தவில்லை, துவாரம் மயிரிழை அகன்றாலும் அளவு கெட்டுவிடும். டாங்கியையும் வடித்து, மூடிக்குப் புது வளையம் போட்டார். காற்றுத் திருகை மென்மையாக இறுதிவரை இறுக்கி, ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினார். எஞ்சின் சூடேறிய பின், துடிப்பு சீராகும் வரை காதால் கேட்டுக் கேட்டுச் சரிசெய்தார். ஒரு நேரத்தில் ஒரு திருகு. அதன் பலனைக் கண்ட பின்பே அடுத்தது.

இந்தப் பொறுமை இன்று முன்னிலும் தேவைப்படுகிறது. 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் மிகுந்தால் அதனோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். பழைய ரப்பர் பாகங்களையும் அது கெடுக்கும். மழைக்காலத்தில் நெடுநாள் வண்டியை நிறுத்துவோர் மிதவை அறையை வடித்துவைப்பது நலம். இன்னொன்று: இங்கிருந்து நடுவட்டம் ஏறி, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையை அடைந்தால் காற்று மெலிகிறது, கலவையில் பெட்ரோல் மிஞ்சி வண்டி சோர்கிறது. அது மலையின் இயல்பு, வண்டியின் நோயன்று. அங்கேயே தங்குவதானால் ஊசியை ஒரு காடி இறக்கிக்கொள்ளலாம். மாலையே திரும்புவதானால் விட்டுவிடலாம்.

தேவாலாவில் தங்கம் தேடியவர்கள் மலையைக் கேட்டறியாமல் உடைத்தார்கள். நான் வண்டியைக் கேட்டறியாமல் திருகினேன். இப்போது என் கருவிப் பையில் திருப்புளிக்கு மேலே ஒரு சிறு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. வண்டி நின்றால், முதலில் என் கை தேடுவது அதைத்தான்.