நிரந்தர வாயுக்கள்

அழுத்தத்தால் வாயுவைத் திரவமாக்கலாம் என்பதை 1823-இல் குளோரினைக் கொண்டு ஃபாரடே காட்டினார். ஆயினும் பிராணவாயு, நைட்ரஜன், ஹைட்ரஜன் ஆகியவை இணங்கவில்லை. வியன்னா நகரத்து நாட்டரர், காற்றழுத்தத்தைப்போல் 2,000 மடங்குக்கு மேல் அழுத்தியும் தோற்றார். ‘நிரந்தர வாயுக்கள்’ என்று பெயரிட்டுவிட்டனர். பெயர் சூட்டியபின் காரணம் தேடுவோர் குறைவது இயல்புதானே!

பெல்பாஸ்ட் நகரப் பேராசிரியர் தாமஸ் ஆண்ட்ரூஸ், எளிதில் திரவமாகும் கரியமில வாயுவையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். நுண்ணிய கண்ணாடிக் குழாயில் அதனை அடைத்து, அழுத்தத்தையும் வெப்பத்தையும் சிறிது சிறிதாக மாற்றினார். 31 பாகை சென்டிகிரேடை நெருங்குகையில், திரவத்திற்கும் வாயுவிற்கும் இடையே தெளிவாகத் தெரிந்த எல்லைக்கோடு மங்கியது. பின்னர் மறைந்தே போயிற்று. அதற்குமேல் எவ்வளவு அழுத்தினும் திரவம் தனியே பிரியவில்லை. இதனை 1869-இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் அவர் விளக்கினார். தூய பொருள் ஒவ்வொன்றுக்கும் இத்தகைய மாறுநிலை வெப்பநிலை உண்டு. பிராணவாயுவிற்கு அது சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 119 பாகை. அழுத்தத்தை மட்டுமே நம்பியவர்களுக்குக் குளிர்ச்சி போதவில்லை.

ஃபாரடேயோ 1845-லேயே சுழிக்குக் கீழ் 110 பாகைவரை குளிர்வித்திருந்தார்! ஒன்பதே பாகை தொலைவில் நின்றுவிட்டதை அறியாமலே 1867-இல் அவர் மறைந்தார். பத்தாண்டுகள் கழித்து, பிரான்சில் கையேதேயும் ஜெனீவாவில் பிக்தேயும் பிராணவாயுவைத் திரவமாக்கினர்.