கிறிஸ்துமஸ் கைவேலை (சிறு குழந்தைகளுக்கானது)

ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளைக் கூட வைத்துக்கொண்டு, டிசம்பர் 25-இல் வரும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக வீட்டிலும் கோயிலிலும் பால்வாடியிலும் செய்யும் எளிய அலங்காரப் பொருள்கள் கிறிஸ்துமஸ் கைவேலை எனப்படும். நட்சத்திரம், குடில், காகிதச் சங்கிலி, வாழ்த்து அட்டை ஆகியவை இதில் அடங்கும். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டாரத்தில் கைக்கெட்டும் பொருள்களைக் கொண்டு செய்யக்கூடியவையே இங்கு விவரிக்கப்படுகின்றன. தெர்மாகோல், ஜிகினாத்தூள் போன்ற கடைச் சரக்கு இல்லாமலே எல்லாம் நடக்கும். இந்த வயதுக்கு அவை இல்லாமலிருப்பதே நல்லது.

வரலாறு

குடில் வைக்கும் வழக்கத்தை அசிசி நகர் பிரான்சிசு 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் தொடங்கினார் என்பது மரபு. அங்கே சொரூபங்கள் இல்லை. உயிருள்ள மாடு, கழுதை, வைக்கோல் போட்ட தீவனத் தொட்டி, அவ்வளவுதான். பல முனை கொண்ட காகித நட்சத்திரம் ஜெர்மனியின் நீஸ்கி ஊரில், மொரேவியன் சபைப் பள்ளி மாணவர்கள் 1830-களில் வடிவியல் பாடத்துக்காகச் செய்த பயிற்சியிலிருந்து வந்தது. 1837-இல் ஜெர்மனியில் முதல் கிண்டர்கார்டனைத் தொடங்கிய பிரோபெல், காகிதம் மடித்தல், பின்னுதல், களிமண் பிசைதல் ஆகியவற்றைச் சிறு குழந்தைகளின் அன்றாட வேலையாகவே வகுத்தார்.

தமிழ்நாட்டில் திருவருகைக் காலம் தொடங்கியதும் வீட்டு வாசலில் மூங்கில் சிம்பும் கலர் பேப்பரும் கொண்டு கட்டிய நட்சத்திரம் ஏறிவிடும். குடில் சொரூபங்களுக்கு மதுரை பக்கத்து விளாச்சேரி பேர்போனது. உத்திரமேரூர்ப் பகுதியின் கத்தோலிக்கப் பங்குகள் 2002-இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை.

குழந்தையின் பங்கு

இந்த வயதுக் குழந்தைக்கு வடிவம் தெரியாது, செயல்தான் தெரியும். இரண்டு வயதில் காகிதத்தைக் கிழிக்கும், ஒட்டும், அச்சுக் குத்தும், கொட்டும், தூவும். கத்தரிக்கோல் கைக்கு வருவதற்கு மூன்று வயதாவது ஆக வேண்டும். ஆகவே ஒரு வேலையில் குழந்தைக்கு ஒரே ஒரு செயலை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பெரியவர்கள் செய்வதே நடைமுறை. பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராது. உட்கார வைக்கவும் வேண்டாம். கோணலாக ஒட்டியதைப் பிறகு எடுத்துச் சரிசெய்து ஒட்டும் அம்மாக்களும் டீச்சர்களும் உண்டு. அது குழந்தையின் வேலையை அழிப்பதாகும்.

வெண்டைக்காய் நட்சத்திரம்

இருப்பதிலேயே சுலபமானது இதுதான். ஐந்து பட்டை உள்ள முற்றிய வெண்டைக்காயாகப் பார்த்து, காம்புப் பக்கம் மூன்று விரற்கடை விட்டு நேர்க்குறுக்காக நறுக்கினால், வெட்டுவாயில் ஐந்து முனை நட்சத்திரம் இருக்கும். காம்பே கைப்பிடி. பிஞ்சாக இருந்தால் அழுத்தும்போது நசுங்கிவிடும். சமையலுக்கு ஆகாது என்று ஒதுக்கிய காய்தான் இதற்கு வாகு. மஞ்சள்தூளைக் கொஞ்சம் மைதாவோடு குழைத்தால் மஞ்சள் நிறம். பீட்ரூட்டை அரைத்துப் பிழிந்தால் சிவப்பு. வாயில் வைத்தாலும் பயமில்லை. வண்ணத்தைத் தட்டில் ஊற்றி வைத்தால் குழந்தை காயை முழுக்கவே முக்கி எடுக்கும். பிறகு விழுவது நட்சத்திரமல்ல, வெறும் திட்டு. நான்காக மடித்த ஈரத்துணியில் வண்ணத்தைத் தடவி, அதில் ஒற்றச் சொல்ல வேண்டும்.

பழைய நோட்டு அட்டை, காலண்டர் தாளின் பின்பக்கம், வெள்ளைத் துணி எதிலும் அச்சு விழும். குழந்தை அழுத்தும், நேராகத் தூக்கத் தெரியாமல் பக்கவாட்டில் இழுத்துவிடும். நட்சத்திரத்துக்கு வால் முளைத்துவிடும். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைப் படங்களில் வாலோடு வரைவதும் வழக்கம்தான் என்பதால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சட்டையில் பட்ட மஞ்சள் கறை நல்ல வெயிலில் காயப் போட்டால் மங்கிவிடும்.

குடிலும் கேழ்வரகுப் புல்லும்

இந்த வட்டாரம் ஏரிப்பாசன நிலம். டிசம்பரில் சம்பா வயலில் நிற்கும். சொர்ணவாரி அறுவடை வைக்கோல் போரில் இருக்கும். குடிலுக்கு வேறெங்கும் போக வேண்டாம். பழைய அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து, மேலே வைக்கோல் வேய்வது பெரியவர் வேலை. உள்ளே வைக்கோல் பரப்புவது குழந்தையின் வேலை. மாடும் ஆடும் களிமண்ணில் பிடிக்கலாம். இரண்டு வயதுக்காரன் உருட்டுவது உருண்டையாகத்தான் இருக்கும். அதில் நான்கு ஈர்க்குத் துண்டைப் பெரியவர் குத்திக் கொடுத்தால் ஆடாகிவிடும். குழந்தை இயேசுவின் சொரூபத்தை 24-ஆம் தேதி இரவுதான் வைப்பது முறை. அதுவரை தொட்டியைக் காலியாக விட வேண்டும்.

குடிலைச் சுற்றிப் பச்சைப் புல் வேண்டுமென்றால் கேழ்வரகு. கல்யாண வீட்டில் பாலிகை தெளிப்பதைப் போன்ற வேலைதான். கொட்டாங்கச்சியிலோ அகலத் தட்டிலோ மண்ணும் பொடித்த எருவும் நிரப்பி, ஓர் இரவு ஊறவைத்த கேழ்வரகைத் தூவச் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டும். உள்ளங்கையால் பரப்பிவிட்டால் போதும். மேலே மெல்லிய ஈரத்துணி போட்டு மூடி, தினமும் குழந்தையை விரலால் தண்ணீர் தெளிக்க விடலாம். மூன்று நான்கு நாளில் முளை தெரியும். தெரிந்ததும் துணியை எடுத்துவிட வேண்டும். டிசம்பர் 12, 13 வாக்கில் தூவினால் விழாவுக்கு இரண்டு விரல் உயரம் பச்சையாக நிற்கும். விதைக்கடையில் வாங்கிய கேழ்வரகு கூடவே கூடாது. விதைநேர்த்திக்கு மருந்து கலந்திருப்பார்கள். சமையலறை டப்பாவில் இருப்பதே சரி.

ஓலை

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. குருத்தோலையில் காற்றாடி, கிலுகிலுப்பை, கிளி செய்வது கிராமத்துப் பழக்கம். உத்திரமேரூருக்கும் ஓலைக்கும் குழந்தைக்கும் ஒரு பழைய தொடர்பும் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலைத் தேர்தலில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டே எடுக்கச் செய்தார்கள். கிறிஸ்துமஸ் தோரணத்துக்கு ஓலையை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, வளையமாக்கி, ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் சங்கிலியாக்கலாம். கோப்பது பெரியவர் வேலை. முனையை அழுத்திப் பிடிப்பது குழந்தையின் வேலை. ஓலையின் ஓரம் கையைக் கிழிக்கும் என்பதால் ஓரத்தைச் சீவி, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்க வேண்டும். கருக்கு மட்டை குழந்தை உட்காரும் இடத்துக்கே வரக்கூடாது.

எச்சரிக்கை

களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குன்றிமணியை ஆட்டுக்கும் கண்ணாக வைக்கத் தோன்றும். அது கடும் விஷம்; மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மிளகும் வேண்டாம், கடலையும் வேண்டாம். மூக்கில் போட்டுக்கொள்ளும், புரையேறும். குச்சியால் குத்திய குழியே கண். டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடும் என்பது பொதுவான அளவுகோல். சிறிய மின் அலங்காரங்களில் இருக்கும் பட்டன் பேட்டரி இவை எல்லாவற்றையும்விட மோசம்: உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வாழைப்பழம் கொடுத்து வெளியேறுமா என்று பார்த்திருப்பது ஆபத்து.

பசைக்குச் சோற்றுப் பருக்கையே போதும். பட்டம் ஒட்டினவர்களுக்குத் தெரியும். போஸ்டர் ஒட்டவும் பைண்டிங்குக்கும் காய்ச்சும் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அந்தப் பசையைக் குழந்தை தொடக்கூடாது.

கலைத்தல்

ஜனவரி 6-ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகு குடிலைக் கலைப்பார்கள். வைக்கோலும் கேழ்வரகுப் புல்லும் மாட்டுக்கு, களிமண் தோட்டத்துக்கு, ஓலை அடுப்புக்கு. பசை ஒட்டிய கலர் பேப்பரும் ஜிகினாவும் கலந்த வைக்கோலை மட்டும் மாட்டுக்குப் போடக்கூடாது. பிரித்தெடுத்துக் குப்பையில் சேர்க்க வேண்டும்.