கையுறைக்கு முன் எடுக்கப்படும் முடிவுகள்: தமிழ்நாட்டு உள்ளாட்சித் தூய்மைப் பணியில் காயமும் நோயும்

குப்பை அள்ளும் ஒருவரின் உள்ளங்கையை உடைந்த கண்ணாடி கிழித்துவிட்டால், முதலில் எழும் கேள்வி ‘கிளவுஸ் போட்டிருந்தியா?’ என்பதுதான். இல்லை என்று பதில் வந்ததும் விசாரணை முடிந்துவிடுகிறது. காரணம் கிடைத்தாயிற்று, அது காயம்பட்டவரே. தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் தூய்மைப் பணியாளர்களுக்கு நேரும் காயங்களையும் நோய்களையும் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டுவதில்லை. அந்தக் கண்ணாடி அந்தக் கைக்கு வந்து சேரும் முன்பே சில முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. வீடுகளிலிருந்து குப்பையை எப்படி வாங்குவது, எந்த வண்டியில் ஏற்றுவது, எத்தனை தெருவுக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு யார் முதலாளி என்ற முடிவுகள் அவை. காயத்தின் காரணங்களை அங்கேதான் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹைன்ரிச், 1931இல் வெளியிட்ட தொழில் விபத்துத் தடுப்பு நூலில், 88 சதவீத விபத்துகள் தொழிலாளர்களின் பாதுகாப்பற்ற செயல்களாலும் 10 சதவீதம் பாதுகாப்பற்ற சூழலாலும் நிகழ்வதாகக் கணக்கிட்டார். அவர் ஆராய்ந்தவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை நிர்வாகங்களின் அறிக்கைகளும். மேற்பார்வையாளர் எழுதிய அறிக்கையில் மேற்பார்வையின் குறை எந்த அளவுக்கு இடம்பெற்றிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. 1990இல் ஜேம்ஸ் ரீசன் மனிதத் தவறு பற்றிய தம் நூலில் இந்தப் பார்வையைத் திருப்பிப் போட்டார். கடைசியாகத் தவறு செய்பவர், மேலிடத்தில் எடுத்த முடிவுகளால் ஏற்கெனவே உருவாகிக் கிடந்த அபாயத்தின் முனையில் நிற்பவர் மட்டுமே என்றார். விமானத் துறையும் மருத்துவத் துறையும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன. நம் வார்டு அலுவலகங்கள் இன்னும் ஹைன்ரிச்சின் காலத்தில்தான் இருக்கின்றன.

ஓர் ஊசிக் குத்தைக் கொஞ்சம் அருகில் நின்று பார்ப்போம். வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரை நோய்க்கான சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. இது பெரிய நன்மை. ஆனால் போட்டு முடித்த ஊசி எங்கே போகிறது? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டில் சேரும் ஊசியையும் சிரிஞ்சையும் தனியாகக் கொடுக்க வேண்டிய அபாயக் கழிவாக வகைப்படுத்தின. நடைமுறையில் அது கறுப்புப் பாலித்தீன் பைக்குள், மீந்த சாம்பாருக்கும் நாப்கினுக்கும் நடுவில் வருகிறது. அந்தப் பை மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரிந்தாக வேண்டும். நுண்ணுர மையத்துக்குப் போகும் எடைக்கு மேலிடம் கணக்குக் கேட்கிறது. வீட்டுக்காரர் பிரிக்காததைத் தள்ளுவண்டி ஓரத்தில் நின்றபடி தூய்மைப் பணியாளர் கையை விட்டுப் பிரிக்கிறார். ஊசி குத்துவது அப்போதுதான்.

மருத்துவமனை ஊழியர்களிடம் கண்ட கணக்குப்படி, தடுப்பூசி போடாத ஒருவருக்குக் கிருமியுள்ள ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 0.3 சதவீதம் அளவில்தான். குப்பையில் கிடந்து காய்ந்த ஊசியில் இந்த அபாயம் குறையலாம். ஆனால் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாள் வரை உயிரோடிருக்கக்கூடியது. இதற்கு 3 தவணைத் தடுப்பூசி உண்டு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைக் குத்துப்பட்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கலாம். நகராட்சி மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் செவிலியருக்கு இந்தப் பாதுகாப்பு முறைப்படி வகுக்கப்பட்டிருக்கிறது. அதே நகராட்சியின் குப்பை வண்டியில் நிற்பவர் விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். நடுவில் மருத்துவமனைக்குப் போனால் பாதி நாள் கூலி போய்விடும். ஊசி ஒன்றுதான், கிருமியும் ஒன்றுதான். நிர்வாகம் யாரை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

கையுறைக்கு வருவோம். வேலைப் பாதுகாப்பு அறிவியலில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அபாயத்தை அகற்றுவது, முடியாவிட்டால் குறைந்த அபாயமுள்ளதை மாற்றி வைப்பது, பிறகு கருவி, பிறகு வேலைமுறை, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் உடல்மேல் அணியும் காப்பு. உள்ளாட்சிகளில் இந்த ஒழுங்கு தலைகீழாக நடக்கிறது. மெல்லிய கையுறையை ஊசி துளைத்துவிடும். தடித்த ரப்பர் கையுறை மே மாத வெயிலில் வியர்வையைத் தேக்கி, விரலிடுக்கில் சேற்றுப்புண்ணையும் பூஞ்சைப் படையையும் கொண்டுவரும், பை முடிச்சை அவிழ்க்கவும் விடாது. கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்பவர் அலட்சியக்காரர் அல்ல. குறித்த நேரத்துக்குள் தெருவை முடிக்க வேண்டியவர்.

முதுகுவலியும் தோள்வலியும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை. தொட்டியைத் தூக்கி வண்டியில் கவிழ்க்கும் உயரம், மழைநாளில் கூடும் ஈரக் குப்பையின் எடை, தேய்ந்த சக்கரத்தோடு இழுபடும் வண்டி ஆகிய மூன்றும் கொள்முதல் முடிவுகள். வெயில் இன்னொன்று. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் தெருவில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாதபோது அவர்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகப் பாதிப்பும் இப்படித்தான் வருகின்றன. குடை கொடுத்து இதைத் தீர்க்க முடியாது. 2025 ஆகஸ்டில் சென்னையில் அதிகாலை வேலைக்கு வந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் தேங்கிய மழைநீரில் பாய்ந்திருந்த மின்சாரத்தால் இறந்தார். எந்தக் காப்பு உடையும் தடுத்திருக்க முடியாத மரணம் அது.

பாதாளச் சாக்கடை மரணங்கள் பற்றி ஓரளவு பேசப்பட்டிருக்கிறது. 1993க்குப் பிந்தைய இந்த மரணங்களின் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. இங்கே கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. சாக்கடையின் அடியில் படிந்த சேற்றில் பாக்டீரியா உண்டாக்கும் வாயு, சேற்றைக் கலக்கியதும் ஒரேயடியாக வெளிப்படுகிறது. காற்றைவிடக் கனமானதால் குழிக்குள்ளேயே தங்குகிறது. அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று நம்பி இறங்குபவரை அதன் கொடிய குணம் ஏமாற்றிவிடுகிறது. 100 பி.பி.எம். அளவைத் தொட்டதும் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். 1000 பி.பி.எம்.மில் ஓரிரு மூச்சில் உயிர் போகும். ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுகிறார். அடைபட்ட இடங்களில் இறப்போரில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1986இலேயே எழுதிவிட்டது. கூட இறங்கியவரின் துணிச்சலையும் நாம் கவனக்குறைவு என்றா எழுதப் போகிறோம்?

சட்டமும் இங்கே கையுறையின் தர்க்கத்துக்குள்தான் நிற்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அபாயகரமான துப்புரவைத் தடைசெய்கிறது. ஆனால் பாதுகாப்புச் சாதனம் கொடுக்காமல் கையால் செய்விப்பதே அபாயகரமானது என்று வரையறுப்பதால், சாதனம் கொடுத்து மனிதரை இறக்குவதற்கு வாசல் திறந்தே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2014இல் மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தி, நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம் என்றது. நெடுநாள் போராட்டத்தின் பலன் இது, மதிக்க வேண்டியது. ஆயினும் ஒரே நாளில் நிகழ்வதற்குத்தான் இழப்பீடு எளிதில் கிடைக்கும். இருபது ஆண்டு தெருப் புழுதியைச் சுவாசித்த நுரையீரலுக்கு எந்தத் தேதியில் விபத்து நடந்தது என்று எழுதுவது?

மெல்ல வரும் நோய்தான் இந்தத் துறையின் பெரும்பகுதி என்று கருதுகிறேன். எலிக் காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து காலின் வெடிப்பு வழியே ஏறும். வந்தவர் ‘ஜுரம்’ என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவார். கொசுவுக்குப் புகை மருந்து அடிக்கும் தினக்கூலி ஊழியர் பூச்சிமருந்தையும் எண்ணெய்ப் புகையையும் சேர்த்தே இழுக்கிறார். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே தொழில்சார் நோய்களுக்கு ஓர் அட்டவணை வைத்திருந்தது. தொற்று அபாயமுள்ள வேலையில் வரும் தொற்றுநோய் அதில் இருந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அப்படியோர் அட்டவணையைக் கொண்டுள்ளது. ஆனால் அட்டவணையின் ஒரு பகுதி நோய்களுக்கு, ஒரே முதலாளியிடம் குறைந்தது 6 மாதத் தொடர் வேலை காட்ட வேண்டும். சென்னையில் 2000ஆம் ஆண்டு முதல் குப்பை அள்ளும் ஒப்பந்தம் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2025இல் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் தனியாருக்குப் போனபோது ரிப்பன் மாளிகை முன் தொழிலாளர்கள் உட்கார்ந்தது கூலிக்காக மட்டுமல்ல. அதே தெருவில், அதே துடைப்பத்தோடு, முதலாளியின் பெயர் மட்டும் மாறும்போது, நோயை யார் தலையில் வைப்பது என்ற கேள்வி அனாதையாகிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த மருத்துவப் பரிசோதனைக் குறிப்பு இல்லாதபோது, நோய் வேலையால் வந்ததா, குடியால் வந்ததா என்ற சந்தேகம் எப்போதும் தொழிலாளிக்கு எதிராகவே தீர்கிறது.

எண்ணப்படாததற்குக் காரணமும் தேடப்படாது. அமெரிக்காவில் தொழில் காயங்களின் ஆண்டுக் கணக்கெடுப்பு 2008இல்தான் மாநில, உள்ளாட்சி ஊழியர்களையும் நாடு முழுமைக்கும் சேர்த்தது. அந்த ஆண்டே முழுநேர ஊழியர் 100 பேருக்குத் தனியார் துறையில் காயமும் நோயுமாக 3.9 நிகழ்வுகள், மாநில, உள்ளாட்சி அரசுகளில் 6.3 என்று தெரியவந்தது. அரசு வேலை பாதுகாப்பான வேலை என்ற நினைப்பை அந்த ஒரு வரி உடைத்தது. நம் நாட்டில் தொழிற்சாலைகளுக்கு ஒரு கணக்கும் சுரங்கங்களுக்கு ஒரு கணக்கும் உண்டு. தெரு இரண்டுமல்ல.

இதில் சாதியைத் தொடாமல் போவது நேர்மையாகாது. இந்த வேலையில் இருப்போர் மிகப் பெரும்பாலும் அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்கள். தலைமுறைகளாக ஒரு சமூகத்தின் உடலை அழுக்கோடு சேர்த்தே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்த உடலில் வரும் புண் செய்தியாகத் தெரிவதில்லை. பதிவேட்டில் அது ஏறாமல் போவதற்கு நிர்வாகச் சோம்பலைவிட இதுவே ஆழமான காரணம் என்பது என் முடிவு.

பயிற்சி கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சி வேண்டும், விழிப்பும் வேண்டும். ஆனால் தரம் பிரிக்காத பையை வாங்காமல் திருப்பித் தரும் அதிகாரம் அந்தப் பணியாளருக்கு இல்லாதவரை, அவருக்குச் சொல்லித்தரும் எச்சரிக்கை அவரையே குற்றவாளியாக்கும் ஆவணமாக மாறிவிடும். செலவு என்ற மறுப்பும் வருகிறது. செலவு இப்போதும் ஆகிறது, அதைக் கட்டுவது அந்தக் குடும்பங்கள்.

2025 ஆகஸ்டு 14 அன்று தமிழ்நாடு அரசு அறிவித்த திட்டங்களில், தூய்மைப் பணியாளர்களின் தொழில்சார் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தருவதும் ஒன்று. வரவேற்க வேண்டியது. ஆனால் நோயைக் கண்டறியும் மருத்துவர் ‘என்ன வேலை, எத்தனை ஆண்டு, எந்த வார்டு’ என்று எழுதிக்கொள்ளாவிட்டால், அது சிகிச்சையோடு நின்றுவிடும். ஒப்பந்ததாரர் மாறினாலும் தொழிலாளியோடு கூடவே போகும் உடல்நலப் பதிவேடு ஒன்றை மாநகராட்சியே வைத்திருக்க வேண்டும். டெண்டரில் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் நிபந்தனையாக வர வேண்டும். வார்டு வாரியாக ஊசிக் குத்து, கண்ணாடிக் கீறல், முதுகுவலி விடுப்பு ஆகியவற்றை எழுதி, அதே பக்கத்தில் அந்த வார்டில் பிரிக்காமல் வந்த குப்பையின் எடையையும் ஆள் பற்றாக்குறையையும் எழுத வேண்டும். அப்படி ஓராண்டு எழுதினால், கையுறை போட்டாயா என்று ஒருவரைக் கேட்பதற்குமுன், அந்த வார்டுக்கு ஆளும் வண்டியும் ஒதுக்கிக் கையெழுத்திட்டவரைக் கேட்க வேண்டியிருக்கும்.