மதுரையில் ஒரு பங்காளிச் சண்டை

நம்மில் பலர் மாதம் ஒரு தடவையாவது மதுரைக்குப் போய் வருகிறோம். சிறுமலை இடப்பக்கம் கூடவே வர, ஒரு மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். அந்த மதுரையின் அரியணைக்காகச் சுமார் 850 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய சண்டை, மூன்று நாடுகளை இழுத்துப் போட்டு, இரண்டு தலைமுறைக்கு மேல் நீடித்தது. தொடக்கத்தில் அது வெறும் பங்காளிச் சண்டைதான்.

1166-67 வாக்கில் பாண்டிய குலத்தைச் சேர்ந்த பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் ஆட்சியுரிமைக்காக மோதினார்கள். மதுரை முற்றுகையில் சிக்கிய பராக்கிரமன், இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டு ஆள் அனுப்பினான். இலங்கைப் படை கடல் கடப்பதற்குள் குலசேகரன் மதுரையைப் பிடித்து அவனைக் கொன்றுவிட்டான். இருந்தும் பராக்கிரமபாகு பின்வாங்கவில்லை. தளபதி இலங்காபுரன் படையோடு வந்து இராமேசுவரத்தைப் பிடித்தான். உள்நாட்டில் முன்னேறி, இறந்தவனின் மகன் வீர பாண்டியனை மதுரையில் முடிசூட்டினான். விரட்டப்பட்ட குலசேகரன் சோழன் இரண்டாம் இராசாதிராசனிடம் போய் நின்றான். ஆக, ஒருவன் தெற்கிலிருந்து ஆளைக் கூட்டி வந்தான், மற்றவன் வடக்கிலிருந்து கூட்டி வந்தான்.

இந்தப் போரை இரு தரப்பும் எழுதி வைத்திருப்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு. இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் தன் படையின் வெற்றிகளைச் சொல்கிறது. சோழர் கல்வெட்டுகள் அதன் தோல்வியைச் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் இடையில் சிக்கிய மக்களும் தெரிகிறார்கள். நத்தம், சிங்கம்புணரி வழியாகப் போனால் வருகிற பொன்னமராவதியில் மாளிகையையும் தானியக் களஞ்சியங்களையும் எரித்ததைச் சூளவம்சம் பெருமையாகவே கூறுகிறது. அந்தத் தானியத்தை விளைவித்தவர்களைப் பற்றி அதில் பேச்சில்லை. பிடிபட்ட தமிழர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, முன்பு தமிழ்ப் படைகளால் சேதமடைந்திருந்த அநுராதபுரத்துப் பெரிய தாதுகோபத்தைப் பழுதுபார்க்கும் வேலையில் விடப்பட்டார்கள் என்றும் அந்நூல் சொல்கிறது. யாரோ இடித்ததை, அதில் சம்பந்தமே இல்லாதவர்கள் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சாட்சி காஞ்சிபுரத்துக்கு அருகே ஆர்ப்பாக்கத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்து அந்த ஊர் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். தொண்டியிலும் பாசியிலும் சோழர் பக்கத்துக்குப் பின்னடைவு ஏற்பட்டதும் நாட்டு மக்களை அச்சம் பிடித்துக்கொண்டது என்கிறது அங்குள்ள கல்வெட்டு. இராமேசுவரக் கோயிலில் பூசையை நிறுத்திப் பொருளைக் கவர்ந்தவர்கள் என்று இலங்கைப் படையை அது குற்றம் சாட்டுகிறது. கலங்கிப்போன சிற்றரசன் எதிரிலிசோழச் சம்புவராயன், உமாபதி தேவர் என்னும் சைவப் பெரியவரை வேண்டிக்கொள்ள, அவர் 28 நாள் வழிபாடு நடத்தினார். பிறகு வெற்றிச் செய்தி வந்தது. நன்றிக்கடனாக ஆர்ப்பாக்கம் கிராமமே அவருக்குக் கொடுக்கப்பட்டது. செய்தித்தாளோ தொலைபேசியோ இல்லாத காலத்தில், அவ்வளவு தொலைவுக்கும் பயம் நடந்தே போயிருக்கிறது.

வென்ற கதையை மயிலாடுதுறைக்கு அருகில் உள்ள பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. சோழர் படையை அனுப்பிய பல்லவராயர், இலங்காபுரன் உள்ளிட்ட தளபதிகளின் தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் அறைந்து வைக்கச் செய்து, குலசேகரனுக்கு ஆட்சியை மீட்டுக் கொடுத்தார். கதை இங்கேயும் முடியவில்லை. அரியணை ஏறிய குலசேகரன் இலங்கையோடு இரகசியமாகக் கைகோத்து, வாசலில் இருந்த அந்தத் தலைகளை எடுக்கச் செய்தான். கோபம் கொண்ட சோழர்கள் அவனை இறக்கிவிட்டு, இதுவரை யாரை எதிர்த்துப் போரிட்டார்களோ அந்த வீர பாண்டியனையே அரசனாக்கினார்கள்! அப்படியானால் அத்தனை பேர் செத்தது எதற்காக?

பகை அடுத்த தலைமுறைக்கும் போனது. மூன்றாம் குலோத்துங்கன் 1182 வாக்கில் வீர பாண்டியனை வென்று விக்கிரம பாண்டியனை அமர்த்தினான். 1205 வாக்கில் மறுபடியும் வந்து, பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்துக் கழுதை பூட்டி உழுதான். 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தர பாண்டியன் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தான். தஞ்சையும் உறையூரும் எரிந்தன. மாளிகைகளும் மண்டபங்களும் தரைமட்டமாயின. பிறகு தோற்ற சோழனைப் பொன்னமராவதிக்கு வரவழைத்து, நாட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

இந்தப் படையெடுப்புகளுக்கு நடுவே, 1201இல், திருவாரூர் மாவட்டத்துத் திருப்பாம்புரத்தில் ஒரு சிறிய செய்தி கல்லில் ஏறியது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சத்தில், ஒரு வேளாளர் தம்மையும் தம் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். பஞ்சத்துக்குப் போர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அரசர்களின் கவனமும் பொருளும் அந்த ஆண்டுகளில் எங்கே போய்க்கொண்டிருந்தன என்று மேலே பார்த்தோம்.

1279க்குப் பிறகு சோழர் ஆட்சி இல்லை. வென்ற பாண்டியரும் நிலைக்கவில்லை. 1310 வாக்கில் சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்ற இரு சகோதரர்கள் அதே அரியணைக்காக மறுபடியும் மோதினார்கள். 1311இல் மாலிக் காபூரின் தில்லிப் படை மதுரைக்குள் நுழைந்தபோது, சேர்ந்து நின்று தடுக்க ஆளில்லை.

அடுத்த முறை நத்தம் வழியாகப் பொன்னமராவதிப் பக்கம் போனால், வயல்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முடிகள் கைமாறியதை எழுதி வைத்தார்கள். எரிந்த களஞ்சியங்களுக்குப் பிறகு அடுத்த போகத்துக்கு விதைநெல் தேடி அலைந்தவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.