சேதுவின் மணல் திட்டுகள்: யாரும் வாழாத எல்லை

இன்னைக்கு ஆள் குடியிருக்காத ஒரு எல்லையைப் பத்திப் பேசலாம்.

பேராவூரணியிலிருந்து தென்கிழக்கே போனா, கடற்கரையில் சேதுபாவாசத்திரம் வரும். தஞ்சை மராட்டிய மன்னர்கள் காலத்தில், ராமேஸ்வரம் போற யாத்திரிகர்கள் தங்கிச் சாப்பிட இந்தக் கரை வழியில் வரிசையா சத்திரங்கள் இருந்தன. அந்த சேதுப் பாதை தனுஷ்கோடியோடு முடியுது. அதுக்கு அப்பால் தலைமன்னார் வரைக்கும் சுமார் 30 கிலோமீட்டர், கடலுக்கு நடுவில் மணல் திட்டுகள். ராமர் சேதுன்னும் ஆதாம் பாலம்னும் சொல்றது இதைத்தான்.

வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ரெண்டு பக்க அலையும் நீரோட்டமும் சேர்த்த மணல் இது. இங்கே கடல் ஏறி இறங்குறது ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனா திட்டுகள் அவ்வளவு தாழ்வு. நீர் வத்தும்போது அகலமா தெரியற மணல், ஏறும்போது சுருங்கிடும். பருவக்காற்று மாறினா வடிவமும் மாறும். ஆலாப் பறவைகள் முட்டையிட வரும். மனுஷங்க குடியிருப்பு கிடையாது.

இப்படி நகர்ற மணலுக்குக் குறுக்கே நகராத கோடு ஒண்ணு 1974 ஜூனில் விழுந்தது. ஆதாம் பாலத்திலிருந்து பாக் நீரிணை வரை இந்தியாவும் இலங்கையும் எல்லை வகுத்த ஒப்பந்தம் அது. கச்சத்தீவு இலங்கைக்குப் போனது மட்டும்தான் நமக்கு ஞாபகம் இருக்கு. இந்தத் திட்டுகளில் எது யாருக்குன்னு பிரிச்சதும் அதே கோடுதான்.

போர்க் காலத்தில் அந்தக் கோட்டுக்கு வேறொரு அர்த்தம் வந்தது. அகதிகளை ஏத்தி வந்த படகோட்டிகள் கரை வரைக்கும் வராம, இந்தியப் பக்கத் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிடுவாங்க. 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டுக் கிளம்பிய ஆறு பேர் அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு திட்டில் தவிச்சாங்க. அதில் ஒண்ணு நாலு மாசக் கைக்குழந்தை. பெரிய கப்பல் வர முடியாத ஆழமில்லாத கடல் இது. கடலோரக் காவல்படை, தண்ணியிலும் மணலிலும் போகக்கூடிய ஹோவர்கிராஃப்டில் போய் அவங்களை மீட்டது.

மண்டபம் முகாமுக்கு வந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடலை; அகதிகளுக்குன்னு தனிச் சட்டமும் நம்மகிட்ட இல்லை. அலை வந்தா சுருங்குற மணல் எந்த நாட்டுக்குச் சொந்தம்னு 1974லயே எழுதியாச்சு. அதில் இறங்கி நிக்கிற மனுஷன் சட்டத்துக்கு யாருன்னு இன்னும் எழுதலை.