குதிரைக்கு விலை தெரியும், சேணம் தைத்தவர் யார்?

திருச்செந்தூருக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இருக்கிறது பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் இதுதான். பாண்டியர்களுக்கான அரபுக் குதிரைகள் இங்கே வந்திறங்கின. கிஷ் தீவு வணிகரிடமிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று கணக்குச் சொல்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப்.

குதிரை மட்டும் போதுமா? சேணம் வேண்டும், கடிவாள வார் வேண்டும். தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையில் பதனிட்டு, அறுத்துத் தைக்கும் வேலையைச் சாதி நம் மக்கள் தலையில் கட்டியது. தோலைத் தொட்டவருக்குத் தீட்டு என்றது. அதே தோலின்மேல் உட்கார்ந்தவருக்குத் தீட்டே இல்லை!

குதிரையின் விலை ஏட்டில் ஏறியது, தைத்தவரின் பெயர் ஏறவில்லை. தோழர்களே, தோல் வேலை தெரிந்த முதியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். பெயர், கருவி, கூலி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.